கும்மிடிப்பூண்டியின் சுத்தக் காற்று

"கும்மிடிப்பூண்டியில ஆறு மாசமா காத்துல தூசி பாதிதான் சார். எல்லாம் உங்க ஆலோசனைதான்!" என்றார் உதவியாளர்.

சுற்றுச்சூழல் துறையின் அறிவியல் ஆலோசகர் கனகசபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலை வேலியோரம் வேப்பங்கன்று நடச் சொல்லி அவர் எழுதிய எட்டுப் பக்கக் குறிப்பை நாளை டெல்லி மாநாட்டில் வாசிக்கப் போகிறார். தூசியை அளக்கும் கருவியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக் கிளம்பினார்.

தொழிற்பேட்டையில் இறங்கியதுமே இருமல் பிடித்துக்கொண்டது. கார் ஏசியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். வேப்பங்கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை.

மொட்டை மாடியில் ஆபரேட்டர் மொஹசின் வணக்கம் வைத்தார்.

"மெஷின் எங்கே?"

"தோ இருக்குதே சார்."

கருவியைப் பூப்போட்ட பெட்ஷீட்டால் போர்த்தி, கயிறு கட்டியிருந்தது.

"எதுக்கு மூடியிருக்கீங்க?"

"புது மெஷினாச்சே சார். இந்த ஊரு தூசி பட்டா கெட்டுப்பூடும். வந்த நாள்லேர்ந்து மூடியேதான் வெச்சிக்கினு இருக்கேன். அவுக்கட்டா?"

கனகசபாபதி டெல்லி மேடையை நினைத்தார்.

"வேணாம், வேணாம்! அந்தப் பக்கம் கயிறு தளர்ந்திருக்கு பாருங்க."

மாலையில் குறிப்பில் ஒன்பதாவது பக்கம் சேர்ந்தது: 'மாநிலமெங்கும் உள்ள கருவிகளுக்கு உடனடியாகத் தலா ஒரு பெட்ஷீட் வழங்கலாம்.'