பொடிமாஸின் கடைசிப் பாட்டு

பொடிமாஸ் என்ற சுண்டெலி பல வருஷமாகப் பூனை மாஸ்டரிடம் பியானோ கற்றுவந்தது. படிக்கிற பிள்ளைகளைத் தின்பதில்லை என்பது மாஸ்டரின் கொள்கை. ஆனாலும் முதுகில் அந்த மீசை உரச உரச வாசித்துச் சுண்டெலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றே வந்தது.

"மாஸ்டர்... நான் கிளாஸை நிறுத்திக்கலாம்னு..."

"நிறுத்திக்கோயேன் கண்ணு!" பூனையின் குரலில் தேன் ஒழுகியது. "போன மாசம் அணில்கூட நின்னுட்டான். ரொம்ப நல்ல பையன்." அதன் நாக்கு மீசையை ஒருமுறை சுற்றி வந்தது.

பொடிமாஸின் வால் விறைத்தது. "அய்யோ, அம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க மாஸ்டர். நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன்!"

பூனையின் முகம் தொங்கியது, உடனே மலர்ந்தது. "அதனால என்ன? இந்தப் பாட்டைத் தப்பில்லாம வாசிச்சுடு. அதோட உன் படிப்பே முடிஞ்சுது."

தூக்கத்தில்கூடப் பிசகாமல் வாசிக்கும் பாட்டு அது. டிங், டிங், டிங்... கடைசிக் கட்டை வந்தது. பூனை மெல்ல எழுந்து கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டது.

பொடிமாஸ் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துக் கட்டையில் குதித்தது.

ட்டொய்ங்!

"சே!" பூனை துண்டை அவிழ்த்து எறிந்தது. "முதல்லேர்ந்து வாசி, தடிமாடே!"

"சரிங்க மாஸ்டர்," என்று முதல் கட்டையைத் தேடியது பொடிமாஸ். அந்தத் திட்டைப் போல இனிமையான சத்தத்தை அந்தப் பியானோவில்கூட அது கேட்டதில்லை.