கிளம்பாத வண்டி

"வண்டி எப்பய்யா கிளம்பும்?"

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன். இஞ்சின் மக்கர் பண்ணுது" என்றார் டிரைவர், பானெட்டுக்குள் இருந்து தலையை எடுக்காமலே.

பிறந்த மறுநாளே குழந்தை இறந்துவிட்டது. அடக்கத்துக்குக் கொண்டுபோக அந்த ஆஸ்பத்திரியில் இருப்பது இந்த ஒரே வண்டி. வாசலில் சொந்தக்காரர்கள் காத்து நின்றார்கள்.

குழந்தையின் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சும்மா நின்றால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

"பெரிய வீட்டுக் குழந்தைன்னா இந்நேரம் வண்டி பறந்திருக்கும். நம்மளை மாதிரி ஆளுங்கன்னா இஞ்சினுக்குக்கூட இளக்காரம்!"

"நல்லாக் கேளுங்கண்ணே!" என்றது கூட்டம்.

டிரைவர் ஸ்பானரை எடுத்து எதையோ திருகினார்.

"குழந்தையையாவது கீழே கொண்டுவரச் சொல்லு."

"வண்டி சரியானாத்தான் நர்சம்மா தருவாங்க சார்."

"நல்லா இருக்குய்யா உங்க சட்டம்! தள்ளு, நான் பார்க்கிறேன். நான் லாரி மெக்கானிக்."

டிரைவர் பதறினார். "வேணாம் சார், கை அழுக்காயிடும்."

"என் கை என்னிக்குய்யா சுத்தமா இருந்துச்சு?"

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? எடு சாவியை!"

டிரைவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், சத்தம் போடாதீங்க. வண்டிக்கு ஒண்ணுமில்லை. நர்சம்மா சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன். பெத்தவ குழந்தையைப் பார்க்கவே கூடாது, பார்த்தா மனசு உடைஞ்சிடும்னு வீட்டுல யாரோ பெரியவர் கண்டிப்பா சொல்லிட்டாராம். அந்தப் பொண்ணு, ஒரே ஒரு தடவை மடியில வச்சுக்கிறேன்னு நர்சம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கு. இப்ப மேல, ரெண்டு பேருமாக் குழந்தைக்கு உடம்பு துடைச்சுச் சட்டை போட்டுக்கிட்டிருக்காங்க. திட்டு வாங்கறது எங்களுக்குப் பழக்கம்தான். அந்தப் பெரியவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது சார்."

அந்தப் பெரியவர் இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தையின் அப்பா ஓடிவந்தான். "என்னண்ணே, கிளம்பலாமா?"

"எங்கடா கிளம்பறது? இது லேசுல முடியற வேலை இல்லை. நீ மேல போய் உன் பொண்டாட்டிகூட இரு."

"நீங்கதானே அங்கே போகாதேன்னு..."

"போடான்னா போ!"

தம்பி படியேறும் வரை பார்த்திருந்துவிட்டு, பெரியப்பா வண்டியின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.