இளைய மகன்

மஞ்சூரியாவில் ஒரு குன்றைப் பிடிக்க நாலாயிரம் பேரைப் பலிகொடுத்த ஜப்பானியத் தளபதி குசாகாபேயை ஜெனரலாக உயர்த்தினார்கள். மறுநாள் காலை, அந்தக் குன்றில் மகனை இழந்த தொமே என்ற விதவை அவர் வீட்டுக்கு வந்தாள். சபிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் எழுந்து தலைகுனிந்தார்.

"மன்னிச்சிடும்மா."

தொமே பதறினாள். "அவன் செத்தது எங்களுக்குப் பெருமைங்க." பின்னால் நின்ற இளைய மகனை முன்னே தள்ளினாள். "அடுத்த சண்டைக்கு இவனைக் கூட்டிட்டுப் போங்க."

மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் புதிய படையெடுப்புக்கு ஆள் சேர்க்கச் சொல்லும் உத்தரவு அன்று காலைதான் வந்திருந்தது. பையனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை.

"வயசு என்ன?"

பையன் வாயெடுப்பதற்குள் தாய் முந்திக்கொண்டாள். "இருபதுங்க."

ஜெனரல் அவளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, இருபது என்று எழுதினார்.