வண்டு வேட்டை

கனடாவில் மகன் வீட்டு ஜன்னலோரம் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை, இலங்கையின் றக்வானையில் இருந்தபடியே வீடியோ காலில் பார்த்தார் சீதாதேவி.

“பனி முடியுற வரைக்கும் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்து விது. எங்க, இலையத் திருப்பு.”

விதுர்ஷன் திருப்பினான். போன வாரம் அப்பிக் கிடந்த மாவுப்பூச்சியைக் காணவில்லை.

“பாத்தியா, நான் சொன்ன சோப்புத் தண்ணி. அது என்னடா செவப்பா?”

“வண்டும்மா. கேஷானி வரட்டும், கேப்போம்.”

“அவ எதுக்கு? வண்டு தொளச்சு தேயிலை முறிஞ்சு விழுந்த மலையில வேலை செஞ்சவ நானு. ஒன்னு விடாம நசுக்கு.”

நசுக்கி முடித்தபோது மருமகள் கேஷானி வந்துவிட்டாள்.

“விது, என் வண்டெல்லாம் எங்க?”

“உன் வண்டா?”

“மாவுப்பூச்சியத் திங்கிறதுக்கு நான்தானே கடையில வாங்கி விட்டேன். எவ்வளவு அழகாத் தின்னுச்சுங்க.”

மகன் போனைப் பார்த்தான். சீதாதேவி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வண்டப் போயி காசு குடுத்து வாங்குவாங்களாம்மா? நம்ம பாவக்கா பந்தல்ல சும்மா கெடக்கு. ஒரு டப்பா நெறைய அனுப்பி விடுறேன்.”