ஞாயிற்றுக்கிழமை ஏரி

கம்பெனி டிரைவர் சிவஞானத்துக்கு அனுபமா தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து இருநூறு ரூபாய். அவர் அதைப் பற்றிப் பேசாமல், குகட்பள்ளியில் அவள் வீட்டு வாசலில் நின்ற புதுக் காரைத் துடைத்தபடி ஏரிப் பயணத்தைப் பற்றியே பேசினார்.

"பக்கால் ஏரியா, லக்னவரமாண்ணா?"

"லக்னவரம் மேடம். தொங்கு பாலம், படகு எல்லாம் இருக்காம்."

"இருக்காமா? வருஷா வருஷம் ஆபீஸ் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறீங்களே?"

"நான் பார்த்தது பார்க்கிங்கை மட்டுந்தான்."

அனுபமா சிரித்தாள். "சாப்பாடு?"

"எங்க வீட்டுல சகுந்தலா புளியோதரை கட்டிடுவா. விடியறப்பவே கிளம்பிடலாம்."

"வாரங்கல் ரோட்டுல லாரி நிறைய வருமே?"

"பயப்படாதீங்க. நிதானமாப் போகலாம்."

ஞாயிறு விடியற்காலையில் சிவஞானத்தின் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சலவைச் சட்டையில் வந்தவர், பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"அண்ணா, பின்னாடி போய் அக்கா பக்கத்துல உட்காருங்க," என்றாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அனுபமா.

புளியோதரைத் தூக்கோடு ஏறிய சகுந்தலா கேட்டாள்: "ஏங்க, நீங்க வண்டி கத்துக்குடுத்த பொண்ணா?"

"ஆமா. ஃபீஸ் வேணாம், ஒரு நாள் எங்களை ஏரிக்கு ஓட்டிட்டுப் போனாப் போதும்னுட்டேன்."

"ஒழுங்கா ஓட்டுமா?"

கார் நகர எல்லையிலுள்ள உப்பலைத் தாண்டுவதற்குள் சிவஞானம் குறட்டை விட்டார். பாக்கி தீர்ந்தது.