ஆறு தொட்டி, ஒரு குளம்

"ஆறு தொட்டி, ஒரு குளம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பம்ப் வேணும்ணே. இப்ப இருக்கறதைவிடப் பெரிசா. ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது!"

கடைப் படி ஏறும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். மத்தியான நேரம். வண்ணமீன் கடையில் வேறு ஆள் இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த கண்ணாடித் தொட்டிகள் மட்டும் உலை கொதிப்பது போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

கடைக்காரர் வாயாடி. ஒரு மீனை விற்பதற்குள் அதன் ஜாதகத்தையே சொல்லி முடித்துவிடுவார்.

"முதல்ல உட்காருங்கம்மா. ஏர் பம்ப் வாங்க வர்றவங்க எல்லாரும் தொட்டியைத்தான் எண்ணிச் சொல்றாங்க. ஆழத்தைச் சொல்றதில்லை. அங்கதான் கோட்டை விடுறது. ஆழம் எவ்வளவு?"

"தொட்டி எல்லாம் ஒன்றரை அடி. குளம் ஏழடி இருக்கும்."

"ஏழடியா! வீட்டுல குளம் வெட்டினீங்களா, புதையல் தேடினீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வெட்டினது."

"அப்ப ஒரே பம்ப் சரிப்படாதும்மா. காத்தும் நம்மளை மாதிரிதான். சுலபமான வழி இருந்தா கஷ்டமான வழிப்பக்கம் தலைவெச்சும் படுக்காது. ஒன்றரை அடித் தொட்டியில எல்லாம் கொப்பளிச்சுட்டு, ஏழடிக்கு ஒரு பொட்டுக் காத்துகூட இறங்காது."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அதான் அப்படி ஆச்சா? நேத்து தொட்டி ஆறும் நல்லா ஓடிட்டு இருக்கு, குளத்துல மட்டும் குமிழி நின்னுபோச்சு. நான் ஓடிப்போய்ப் பார்க்கறதுக்குள்ள அடியில இருந்து மேல வந்து, வாயைத் திறந்து திறந்து..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

"மேல வந்து வாயைத் திறந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். செத்துடலையே?"

"இல்லை!" கத்தியேவிட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இல்லைண்ணே. சாகலை. பழைய பம்ப்பு மொத்தத்தையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டுத்தான் வந்தேன். தொட்டி மீனெல்லாம் போனா போகட்டும்" என்றாள்.

"குளத்துல எத்தனை மீன்?"

"ஒண்ணு."

"ஏழடிக் குளத்துல ஒத்தை மீனா? ராஜ வாழ்க்கைதான், போங்க! சரி, குளத்துக்குத் தனியா ஒரு பம்ப் போட்டுடலாம்."

"வேண்டாம்ணே, வீட்டுக்காரர் எதுக்குன்னு கேட்பார். குளத்துக்குக் குழாய் போறதே அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கமே வர்றதில்லை. மண்ணைக் கொட்டி மூடிடலாம்னு சொல்லிட்டே இருக்கார்."

கடைக்காரருக்கு ஏதோ நெருடியது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "மீன் எவ்வளவு பெரிசு? அதை வெச்சுத்தான் எவ்வளவு காத்து வேணும்னு சொல்ல முடியும்."

அவள் கையால் காட்டினாள்.

எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டால் யாராயிருந்தாலும் இரண்டு கைகளையும் அகல விரிப்பார்கள். இந்தக் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் பொய்யாக. இவளோ உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் இடுப்புக்கு நேரே பிடித்து, தரையிலிருந்து அவ்வளவு உயரம் என்று காட்டினாள்.

காட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வர்றேண்ணே. வேற கடையில பார்த்துக்கறேன்."

கடைக்காரர் எழுந்து வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆளைக் கூப்பிடப் போகிறார், எல்லாம் முடிந்தது, குளத்தை இன்றைக்கே வந்து வாரிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள்.

அவர் உள்ளறைக்குப் போய், பழைய செய்தித்தாள் சுற்றிய ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது விக்கறதுக்கு இல்லை. ஒண்ணு நின்னா இன்னொண்ணுன்னு எனக்காக வெச்சிருக்கறது. இருபதடிக்குக்கூடக் காத்தை இறக்கும். கரெண்ட் போனாலும் பேட்டரியில ஓடும். தொட்டியோட சேர்க்காதீங்க, குளத்துக்கு மட்டும். வீட்டுக்காரர் கேட்டா, பழசு ரிப்பேர், கடைக்காரன் மாத்திக் குடுத்தான்னு சொல்லிடுங்க."

அவள் நம்ப முடியாமல் நின்றாள்.

"குழாய் முனையை முகத்துக்கு நேரா விடாதீங்க" என்றார் தாழ்ந்த குரலில். "காலடியில இருக்கட்டும். முகத்துல குமிழி பட்டா தூக்கம் கலைஞ்சு மேல ஏறப் பார்க்கும்."

"அண்ணே..."

"பையனா, பொண்ணா?"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "பொண்ணு. ஏழு வயசு. தண்ணியில விழுந்து மூணு மாசம் ஆச்சுண்ணே."

கடைக்காரர் பம்பை அவள் கையில் கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா. காத்து நிக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக் கிணத்துல என் பொண்ணுக்குப் பதினோரு வருஷமா ஒன்பது வயசுதான்."