மேசைமேல் திவாகர்

ரிங்லெட் எஸ்டேட்டின் பழைய தேயிலைக் கொட்டகையில், கோலாலம்பூர்க் கலைஞன் திவாகர் ஒரு கலை நிகழ்ச்சிக்காக மேசைமேல் அசையாமல் படுத்திருந்தான். பக்கத்தில் அரிசி, தேயிலை, ஸ்ட்ராபெரி, வெள்ளைத் துணி. ‘இவற்றைக் கொண்டு என் உடலை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று ஓர் அட்டை சொன்னது.

வந்தவர்கள் அவன் கன்னத்தில் ஸ்ட்ராபெரியைத் தேய்த்துப் படமெடுத்தார்கள். நான் துணியைக் கிழித்து அவன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன்.

“அண்ணி, ஆளு உயிரோட இருக்கான்லா,” என்று சிரித்தாள் என் நாத்தனார் லோகேஸ்வரி.

“என்ன வேணாலும் செய்யலாம்னுதானே போட்டிருக்கு?”

மூன்று முறை சுற்றி வந்து, அவன் உதட்டைப் பிரித்து வாய்க்கரிசி போட்டேன். அவன் கண்ணைத் திறந்தான்.

“ஆன்ட்டி, இது யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு. கோவிட்டுல போனாரு. ஆஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. கிட்டவே விடல.”

திவாகர் மறுபடி கண்ணை மூடி, வாயைத் திறந்தான். லோகேஸ்வரி ஒரு பிடி அரிசி அள்ளினாள்.

“நகருங்க அண்ணி. எங்க அண்ணன்தானே.”

எல்லாம் முடிந்ததும் அவன் எழுந்து, அரிசியை மென்றபடி எங்களுக்கு நன்றி சொன்னான்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதும் அதைச் சொன்னவரில்லை.